அடக்கப் பூசைக்கு நேரம் குறிக்கும் முன்: சேலம், ஏற்காடு கத்தோலிக்கப் பங்குகளுக்கான முழு வழிகாட்டி

உயிர் பிரிந்த அரை மணி நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து, "நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம்" என்று சொல்லிவிடுவார். பத்து நிமிடத்தில் அந்தச் செய்தி பெங்களூர், கோயம்புத்தூர் எல்லாம் போய்விடும். அப்புறம்தான் தெரியவரும், அதே மூன்று மணிக்கு ஃபாதருக்குக் கிளைக் கிராமத்தில் கல்யாணப் பூசை இருக்கிறது என்று. குழி வெட்டப் போனவர் இரண்டடியில் பாறை தட்டி நிற்பார். அடக்கத்தில் வருகிற குழப்பங்களில் பாதி இப்படிச் சொல்லிவிட்ட ஒரு நேரத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

ஆகவே மூன்று பேர் சரி என்று சொல்லும்வரை யாரும் நேரம் சொல்லக் கூடாது. பங்குச்சாமியார், குழி வெட்டுகிறவர், கடைசியாக வந்து சேர வேண்டிய உறவு ஆகியோர்தான் அந்த மூவர். அதுவரை கேட்பவர்களுக்கு "நேரம் பிறகு சொல்கிறோம்" என்பதே பதில். வீட்டில் நிதானமான ஒருவரை, பெற்ற பிள்ளையாக இல்லாமல் மருமகனோ சித்தப்பாவோ ஆனால் நல்லது, பொறுப்பாளராக வைத்து எல்லாப் போனையும் அவர் பக்கம் திருப்பிவிடுங்கள்.

உயிர் இருக்கும்போதே

நோயில் பூசுதல், அதாவது ஃபாதர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு, உயிரோடு இருப்பவருக்கான அருட்சாதனம். "ஃபாதரைப் பார்த்தால் அப்பா பயந்துடுவார்" என்று தள்ளிப்போட்டு, மூச்சு நின்ற பிறகு கூப்பிடுகிற வீடுகள் ஏராளம். அப்போது அவர் இறந்தவருக்கான செபம்தான் சொல்ல முடியும். நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே கூப்பிட்டால் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை), பூசுதல், வழித்துணையாக நற்கருணை (பூசையில் வழங்கும் திரு அப்பம்) மூன்றும் முறையாக நடக்கும். வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசை, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, கொஞ்சம் பஞ்சு, ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

முதல் இரண்டு மணி நேரம்

கண் தானம் செய்வதாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்திவிட்டு, கண் வங்கிக்குச் சொல்லுங்கள். திருச்சபை இதற்குத் தடை சொல்வதில்லை.

உடல் விறைப்பு சுமார் இரண்டு மணி நேரத்தில் தாடையிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் வாயை மூடித் தாடையை வேட்டிக் கிழிசலால் தலையோடு கட்டுங்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். கைகளை மார்பில் குவித்து செபமாலையை விரல்களில் கோத்துவிடுங்கள். விறைத்த பிறகு விரலைப் பிரித்துச் செபமாலை செருகுவது பார்க்கவே சங்கடமாக இருக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். அகட்டி வைத்தால் பெட்டி அகலம் இரண்டு மூன்று அங்குலம் கூடிவிடும்.

குளிப்பாட்டி உடுத்தும்போதே நகையைக் கழற்றிவிடுங்கள். இறுகிய மோதிரத்துக்கும் மெட்டிக்கும் சோப்புத் தண்ணீர். அதற்கும் வராவிட்டால் விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் மோதிரத்தைத் திருகித் திருகி நகர்த்தலாம். கழற்றியதை இரண்டு பேர் பார்க்க எழுதி ஒருவரிடம் ஒப்படையுங்கள். காரியம் முடிந்த வாரம் வருகிற சண்டைகளில் இதுவும் ஒன்று.

குளிர்பெட்டிக்குத் தனி பிளக் பாயின்ட் ஒதுக்குங்கள். பந்தல் லைட், மைக் செட் எல்லாவற்றையும் அதே எக்ஸ்டென்ஷன் வயரில் கோத்தால் நடு ராத்திரியில் ஃபியூஸ் போகும். மழைக்காலத்தில் ஏற்காட்டுப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம், ஆகவே மலையில் ஜெனரேட்டர் இல்லாமல் குளிர்பெட்டியை நம்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர மூன்று நாளுக்கு மேல் ஆகுமென்றால் குளிர்பெட்டி சரிவராது. மருத்துவமனைப் பிணவறையில் வைக்கலாமா, எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்தேற்றுவது) செய்யலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சான்றும் பதிவும்

மருத்துவமனையில் இறந்தால் இறப்புக் காரணச் சான்று அங்கேயே படிவம் 4-இல் கிடைக்கும். வீட்டில் இறந்தால் கடைசியாகப் பார்த்த டாக்டர் படிவம் 4ஏ-யில் எழுதித் தருவார். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு வாங்க அலைய வேண்டும். சேலம் நகரில் இறந்தால் மாநகராட்சி, மலைக் கிராமத்தில் இறந்தால் வி.ஏ.ஓ. கவனிக்க வேண்டியது, இறந்த இடத்தில்தான் பதிவு. ஏற்காட்டுக்காரர் சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்தால் சேலத்தில்தான் பதிய வேண்டும்.

பெயர் எழுதும்போது கவனம். ஞானஸ்நானப் பதிவேட்டில் "அந்தோணிசாமி", ஆதாரில் "அந்தோணி சாமி", பட்டாவில் "சாமி" என்று இருப்பது நம் வீடுகளில் புதிதல்ல. அரசுப் பதிவுக்கு ஆதாரில் உள்ளபடியே கொடுங்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது இந்த ஒரு இடைவெளிதான் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வைக்கும்.

விபத்து, தற்கொலை, பாம்புக்கடி என்றால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் உடல் கைக்கு வருவது பிற்பகல் ஆகலாம். உடல் கையில் வந்த பிறகே பூசை நேரம் பேசுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர 155377-க்கு அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும்.

பங்கு அலுவலகத்தில்

பங்கின் குடும்ப அட்டையை (ரேஷன் கார்டு அல்ல) எடுத்துக்கொண்டு இரண்டு பேர் நேரில் போங்கள். கையோடு உங்கள் பகுதிச் செபக் குழுவான அன்பியத்தின் பொறுப்பாளரையும் கூட்டிப்போனால் பாதி வேலை அவர் செய்துவிடுவார். இறந்தவர் வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால் அந்தப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். பங்குச் சந்தா பாக்கி இருந்தால் அன்றைக்கே கட்டிவிடலாம், முடியாவிட்டால் நேராகச் சொல்லுங்கள். காணிக்கையை வைத்து ஆள் பார்ப்பதோ ஏழைக்கு அடக்கச் சடங்கு கிடைக்காமல் போவதோ கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1181 சொல்கிறது.

தற்கொலை செய்தவருக்குக் கோயில் அடக்கம் கிடையாது என்று இன்றும் ஊரில் பேசுகிறார்கள். அது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். 1983-இல் வந்த சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கோயிலில் கல்யாணம் செய்யாதவர், பல வருடம் பூசைக்கு வராதவர் விஷயத்திலும் நீங்களாகவே முடிவெடுத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். சட்டம் மறுக்கச் சொல்வது மிகச் சில நிலைகளில்தான், அதிலும் மனந்திரும்பிய அடையாளம் ஏதாவது இருந்தால் மறுப்பதில்லை. சந்தேகம் வந்தால் முடிவு ஆயர் இல்லத்தில். ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் குழந்தை இறந்துவிட்டாலும் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு.

எல்லா நாளும் அடக்கப் பூசை வைக்க முடியாது. பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை, கிறிஸ்துமஸ், ஆகஸ்ட் 15 விண்ணேற்பு போன்ற கடன் திருநாட்கள் (பூசைக்குக் கட்டாயம் போக வேண்டியவை), திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்), தவக்கால, பாஸ்கா கால (உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிந்தின வாரங்கள்) ஞாயிறுகள், இந்த நாட்களில் பூசை இல்லை. ஆனால் அடக்கம் நிற்காது. வாசகம், மன்றாட்டு, இறுதிப் பிரியாவிடை எல்லாம் உண்டு. பூசையை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம். "புனித வெள்ளியில் எங்கப்பாவுக்குப் பூசை மறுத்துட்டாங்க" என்று வருத்தப்பட வேண்டியதில்லை, அன்று யாருக்குமே பூசை கிடையாது.

அங்கிருந்து வெளியே வருமுன் கேட்டுவர வேண்டியவை: துக்க மணி எப்போது அடிப்பார்கள், பாடகர் குழு வருமா, ஃபாதருக்கு உதவியாகச் செபம் நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார், கல்லறைத் தோட்டத்தில் எந்த இடம், குடும்பக் கல்லறை திறக்க அனுமதி உண்டா.

குழி

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, ஆனால் அதிகம் பேர் எட்டிக்கூடப் பார்க்காததும் இதைத்தான்.

பெரியவருக்கு 7 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி ஆழம். வெளியே வருகிற மண் 126 கன அடி, ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அதைக் குழி விளிம்பிலேயே குவித்தால் கரை சரிந்து உள்ளே விழும், இரண்டடி தள்ளி ஒரே பக்கமாகக் குவிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் கணவனையோ மனைவியையோ அதே குழியில் வைக்கும் எண்ணமும் பங்கின் அனுமதியும் இருந்தால் முதல் தடவையே 8 அடி போக வேண்டும். பிறகு ஆழப்படுத்த முடியாது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மேல்மண் சில இடத்தில் நன்றாக இருக்கும், சில இடத்தில் முழங்கால் ஆழத்தில் கல் இடிக்கும். சேலத்தில் இரண்டு பேர் நாலைந்து மணி நேரத்தில் முடிக்கிற குழி, மலையில் ஒரு நாள் பிடிக்கலாம், பிரேக்கர் மெஷினும் தேவைப்படலாம். ஆகவே மலையில் குழி மூன்றடி தாண்டிய பிறகே பூசை நேரத்தை உறுதி செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டிய குழியில் ராத்திரியோடு தண்ணீர் ஊறிவிடும். மேட்டுப் பக்கம் ஒரு சாண் வரப்பு கட்டி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, காலையில் வாளியோ சின்ன மோட்டாரோ வைத்து இறைக்க ஆள் போடுங்கள். பெட்டி தண்ணீரில் மிதந்ததைப் பார்த்த குடும்பம் அதைச் சாகும்வரை மறக்காது.

குடும்பக் கல்லறை என்றால் பலகைக் கல்லை முந்தின நாள் மாலையே தூக்கிவிடுங்கள். பழைய எலும்பு இருந்தால் வெள்ளைத் துணியில் சேர்த்து அதே குழியின் கால்மாட்டில் புதைப்பது வழக்கம். பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது அது நடக்க வேண்டாம்.

பெட்டி

பெட்டிக் கடையில் உயரம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அளக்க வேண்டியது இரண்டு: தலை முதல் கால்வரை, அதோடு 4 அங்குலம், முழங்கையிலிருந்து முழங்கை, அதோடு 2 அங்குலம். பிறகு பெட்டியின் வெளி அகலத்தைக் கைப்பிடியோடு சேர்த்து அளந்து அந்த எண்ணைக் குழி வெட்டுகிறவருக்குப் போனில் சொல்லுங்கள். பூ வேலை போட்ட பெரிய கைப்பிடி இரண்டு பக்கமும் சேர்ந்து ஐந்தாறு அங்குலம் எடுத்துக்கொள்ளும், கயிறில் தொங்குகிற பெட்டி குழி நடுவில் சிக்கி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூடிக்கு ஆணியைவிட திருகாணி நல்லது. கோயிலில் ஒருமுறை முகம் பார்க்கத் திறந்து மூட வேண்டியிருக்கும். மாலையையெல்லாம் பெட்டிக்குள் போடாதீர்கள். பனமரத்துப்பட்டி அரளியும் வ.உ.சி. பூ மார்க்கெட்டின் சம்பங்கி மாலையும் இருபது சேர்ந்தால் மூடி இறங்காது. யாராவது மேலே கைவைத்து அழுத்துவார்கள், உள்ளே முகம் நசுங்கும். குடும்பத்தின் ஒரே ஒரு மாலை உள்ளே இருக்கட்டும், மற்றவை வண்டியில் வரட்டும்.

மலைப் பாதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. குறுகிய திருப்பத்தில் பெட்டி வண்டிக்குள் வழுக்கும். கால் பக்கம் முன்னோக்கி வைத்து, பெட்டியின் நடுவிலும் இரு முனையிலும் பட்டைக் கயிறு போட்டு வண்டிச் சட்டத்தோடு கட்டுங்கள், அடியில் ரப்பர் பாய் விரித்தால் இன்னும் நல்லது. உறவினர் வருவதற்குப் பெரிய பஸ்ஸைவிட இரண்டு வேன் சௌகரியம். மண் சரிந்து பாதை அடைத்தால் குப்பனூர் வழி இருக்கிறது. கோடை விழா நாட்களிலும் நீண்ட விடுமுறையிலும் மேலே போகவே கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் கல்லறைப் பாதை வழுக்கும், கீழே இறங்குகிற வேன்களுக்கும் சிரமம். அதனால் மூன்றே முக்காலுக்குக் கல்லறையில் முடிய வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மணிக்குக் கோயிலிலிருந்து புறப்பாடு, இரண்டு மணிக்குப் பூசை, ஒன்றரைக்கு வீட்டிலிருந்து எடுப்பு, ஒரு மணிக்கு வீட்டுச் செபம், பன்னிரண்டரைக்குப் பெட்டிக்குள் வைப்பது. பன்னிரண்டரையைத் தவறவிட்டால் மற்ற எல்லாமே சரியும். சேலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில்

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் குத்துவிளக்குப் படமும் "சிவலோகப் பதவி அடைந்தார்" வரியும் தயாராகவே இருக்கும். "இறைவனில் இளைப்பாறினார்" என்று மாற்றச் சொல்லி, அச்சுக்குப் போகும் முன் போனில் ஒரு படம் வாங்கிப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியில் பெயர், வயது, வீடு இருக்கும் தெரு, கோயில், பூசை நேரம், கல்லறை எது, ஒரு போன் எண் போதும்.

ராத்திரி செபமாலையை அன்பியங்கள் முறை வைத்துச் சொல்லலாம். ஒரே ஆள் தொண்டை கட்டும்வரை சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளில் இந்து உறவுகள் உண்டு, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் என்று கேட்பார்கள். பெட்டி மூடும் நேரத்தில் இதைப் பேசினால் பெரிய சத்தமாகும். முந்தின இரவே ஒரு பெரியவரை வைத்து, "பிறந்த வீட்டுக் கோடி போடலாம், மாலை போடலாம், புனித நீர் தெளிக்கலாம், மற்றது வேண்டாங்க மாமா" என்று தன்மையாகச் சொல்லிவிடுங்கள். கோடித் துணிக்கும் மாலைக்கும் பொதுவாக எந்த ஃபாதரும் ஒன்றும் சொல்வதில்லை. தாரை தப்பட்டை வைத்தால் கோயில் வாசலுக்கு ஐம்பது அடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

பூசை

வாசலில் புனித நீர் தெளித்துத்தான் பெட்டியை உள்ளே எடுப்பார்கள். ஞானஸ்நானத் தண்ணீரின் நினைவு அது. பீடத்துக்கு முன் கால் பீடத்தை நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். குருவானவர் இறந்தால் மட்டும் தலை பீடத்தை நோக்கி, அதாவது மக்களைப் பார்த்தபடி. பெட்டி அருகே பாஸ்கா திரி (உயிர்ப்புத் திருவிழாவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) எரியும். உடை ஊதா அல்லது வெள்ளை.

வாசகங்களைக் குடும்பமே தேர்ந்தெடுக்கலாம். நன்றாகப் பொருந்துபவை சாலமோனின் ஞானம் 3:1-9, யோபு 19:23-27, எசாயா 25:6-9. திருப்பாடல் 23 அல்லது 130. இரண்டாம் வாசகத்துக்கு உரோமையர் 6:3-9 அல்லது 1 தெசலோனிக்கர் 4:13-18. நற்செய்தி யோவான் 11:17-27 அல்லது 14:1-6. பாஸ்கா காலமென்றால் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்தோ திருவெளிப்பாட்டிலிருந்தோ வர வேண்டும். தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை, பாடகர் குழுவுக்கு நினைவூட்டுங்கள். வாசிப்பவர் மகளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதியில் அழுது நின்றுவிட்டால் தொடர்ந்து வாசிக்க, பக்கத்தில் அதே பக்கத்தைத் திறந்து வைத்து இன்னொருவர் நிற்கட்டும்.

மறையுரை (பிரசங்கம்) புகழுரையாக ஆகக் கூடாது என்பது திருப்பலி (பூசை) நூலின் பொது விதி. குடும்பத்தார் பேச விரும்பினால் நற்கருணைக்குப் பின், இறுதிப் பிரியாவிடைக்கு முன், ஒரே ஒருவர், எழுதி வைத்து, மூன்று நிமிடம். கட்சிக்காரர், சங்கத் தலைவர் பேச்செல்லாம் வீட்டுப் பந்தலோடு. நற்கருணைக்கு முன் "கத்தோலிக்கர் மட்டும் வாங்க வரலாம், மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே செபிக்கலாம்" என்று உபதேசியார் ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் சங்கடம் வராது.

தூபக் கரியைப் பிரியாவிடைக்குப் பத்து நிமிடம் முன்பே பற்ற வைக்கச் சொல்லுங்கள். நனைந்த கரியை ஊதிக்கொண்டு பீடச்சிறுவன் நிற்க, நானூறு பேர் காத்திருப்பது மழைக்காலத்தில் வாடிக்கை.

கல்லறையில்

குழியின் குறுக்கே இரண்டு உறுதியான கட்டை, அதன்மேல் பெட்டி. கயிறு மூன்று, ஒவ்வொன்றும் 20 அடி, கட்டைவிரல் பருமன், தேங்காய் நார் அல்லது பருத்தி. நைலான் மழையில் கையிலிருந்து வழுக்கும். பெட்டியும் உடலும் சேர்ந்து நூறு கிலோ வரலாம், ஆறு பேர் வேண்டும், கட்டளை கொடுப்பவர் ஒருவர் மட்டும். விளிம்பில் பலகை போட்டு அதன்மேல் நிற்கட்டும். கல்லறைத் தோட்டம் மந்திரிக்கப்படாதது (ஆசீர்வதிக்கப்படாதது) என்றால் ஃபாதர் குழியை மந்திரிப்பார். பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று கொண்டுபோங்கள், மலைக்காற்றில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. மெழுகுவர்த்திக்குக் கண்ணாடிக் கூடு.

"நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று ஃபாதர் சொன்னதும் "முடிவில்லா ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று எல்லோரும் சொல்ல வேண்டும். அதன் பிறகே கைப்பிடி மண். குழி முழுதும் மூடும்வரை குடும்பத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

எரியூட்டுவதென்றால்

1963 முதல் திருச்சபை அனுமதிக்கிறது, ஆனாலும் அடக்கத்தையே விரும்புகிறது. பூசை உடலோடு முடிந்த பிறகு தகன மேடைக்குப் போவது சரியான வரிசை. சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைக்கவோ வீட்டு அலமாரியில் வைக்கவோ கூடாது என்று 2016-இல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல் சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சிறு குழி வெட்டி அடக்கம் செய்ய வேண்டும், அதற்கும் ஃபாதரிடம் நேரம் வாங்குங்கள்.

பிறகு

ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைக்கான கருத்தை (யாருக்காக ஒப்புக்கொடுப்பது என்பதை) அடக்கத்தன்றே எழுதிக் கொடுத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமைக் கருத்துகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பங்கின் மரணப் பதிவேட்டில் பெயரும் தேதியும் சரியா என்று அந்த வாரமே பாருங்கள். இறப்புச் சான்றிதழில் ஐந்தாறு பிரதி வாங்கி வையுங்கள். வங்கி, எல்.ஐ.சி., தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டு எல்லாம் கேட்கும்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபித்தால், வழக்கமான நிபந்தனைகளோடு அவர்களுக்குப் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் புதுக் கல்லறை கட்டி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் அதிகம். புதுக் குழியில் மண் ஒரு மழைக்காலம் முழுக்க இறங்கும். அதற்குள் சிமென்ட் மேடை கட்டினால் நடுவில் விரிசல் விட்டுத் தலைப்பக்கம் சாயும். அதுவரை மரச்சிலுவையும் ஓரங்கட்டிய மண்மேடும் போதும். கல்லில் வெட்டக் கொடுக்கும் முன் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி மூன்றையும் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் இரண்டு பேர் சத்தமாக வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.